மரத்தோடு பழகலாம் வாங்க: தோட்டத்துப் பட்டணத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், வேலை ஓய்வு பெற்ற பால்மரத் (ரப்பர் மரத்) தொழிலாளி ஒருவரிடம் போய், "மனசு சரியில்லையா? கொஞ்ச நேரம் மரத்தடியில் உட்காருங்க, நல்லாயிருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கொசுக்கடியில் நிரை நிரையாக மரப் பட்டையைச் சீவிப் பாலெடுத்து, மழை வந்தால் அன்றைய சம்பளம் போச்சே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவர். மரம் என்றாலே அவருக்கு இடுப்பு வலிதான் ஞாபகம் வரும். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கோ மரமே இல்லை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, வாசல் முழுக்க சிமெண்டு, ஓரத்தில் ஒரு சட்டியில் கறிவேப்பிலை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு தரப்புக்கும்தான். இதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, எங்கேயும் பணம் கட்டிப் பதிய வேண்டியதும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் அதே மரத்திடம் போங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்ற விவரம்.

இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற அளவுக்கு இல்லை. காட்டுக்குள் அவசரமில்லாமல் நடந்துவிட்டு வரும் பழக்கத்தை 1982இல் ஜப்பானிய வனத்துறை 'காட்டுக் குளியல்' என்ற பெயரில் மக்களிடம் பரப்பத் தொடங்கியது. 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளைப் பற்றியது அது. பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமே வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை வைத்துச் செய்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை போன்ற இயற்கையான இடங்களில் இருப்பவர்கள், தங்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று அதில் தெரிந்தது. அந்த 120 நிமிடத்தை ஒரே நாளில் முடித்தாலும் சரி, பிரித்துப் பிரித்துப் போனாலும் சரி.

நன்றாக இருக்கிறவர்கள்தானே வெளியே போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், இந்த மாதிரி ஆய்வுகளில் அந்தச் சந்தேகம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மரம் மருந்துக்குப் பதில் ஆகாது. மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மரத்தடிக்குப் போகிறோம் என்று மருந்தை நிறுத்தக் கூடாது.

முதலில்: மரத்தைப் பிடியுங்கள்

அழகான மரம் தேவையில்லை. பக்கத்தில் இருக்கிற மரம் தேவை. வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் நடந்து போகிற தூரம், உட்கார ஓர் இடம், கொஞ்சம் நிழல், யாரும் விரட்டாத இடம். இந்த நான்கும் இருந்தால் போதும். மோட்டார் எடுத்துக்கொண்டு போக வேண்டிய மரம் என்றால் இரண்டாம் வாரமே சாக்கு வந்துவிடும்.

நம் பட்டணங்களில் எளிதாகக் கிடைப்பவை சில. சாலையோரத்து அங்சானா. அது எல்லாக் கிளையிலும் ஒன்றாக மஞ்சள் பூ பூத்து, மறுநாளே அத்தனையையும் தரையில் கொட்டிவிடும். இதே மரத்தடிக்கு வாராவாரம் போகிறவருக்குத்தான் அந்த ஒரு நாள் மாட்டும். அப்புறம் தூங்குமூஞ்சி மரம், பழைய திடல்களில் குடைபோல விரிந்து நிற்பது. சாயங்காலம் ஆனதும் இலைகளை மடித்துக்கொள்ளும், மழை மூட்டத்திலும் மடித்துக்கொள்ளும். வேலை முடிந்து வந்து உட்காருகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை, ஏனென்றால் கண்ணெதிரே ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தானோ மாமரமோ இருந்தால் இன்னும் வசதி, ஆனால் கடிக்கிற கெரெங்காச் சிவப்பு எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாயுங்கள்.

கோயில் மரத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. சின்னப் பட்டணத்தில் ஓர் ஆள் சும்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தால், போகிற வருகிறவர்கள் மோட்டாரை நிறுத்தி, "என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்பார்கள். பெண் பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம், செய்தி அவள் வீட்டுக்கு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். மஞ்சள் துணி கட்டிய அரசமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. "உச்சி வேளையில் மரத்தடிக்குப் போகாதே, முனி இருக்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வாதம் பண்ணாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அந்த நேரத்தில் போகாமலிருப்பதே நல்லது.

இனி செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. நம்மைச் சுற்றி அதிகம் இருப்பது அதுதான், ஆனால் அதனோடு பழகுவது கஷ்டம். அடிமட்டையில் முள், தலைக்கு மேலே 20 கிலோவையும் தாண்டும் பழக்குலை, தரையில் எலி, எலியைத் தேடி வரும் பாம்பு. மருந்து அடித்த நிரை எது, அடிக்காத நிரை எது என்று நமக்குத் தெரியாது. தோட்டம் தனியார் இடம் வேறு, ஆபீசில் கேட்காமல் நுழைய முடியாது. ஓரத்துச் சாலையில் நின்று பார்ப்பதோடு சரி. வயதான மரமாக இருந்தால் வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகளில் பெரணிச் செடிகள் தொங்குவதைப் பாருங்கள். சில தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அது வெளியே வருவதைப் பார்க்க முடிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

பால்மரம் இன்னும் சில சிறுதோட்டங்களில் நிற்கிறது. சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், சீவுகிற நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள், பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் தொடாதீர்கள். அதைத் தட்டிவிட்டால் கொட்டுவது ஒருவருடைய கூலி.

எப்போது, எவ்வளவு நேரம்

இருபது நிமிடம் போதும். மிச்சிகனில் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே மரம் செடிகளுக்கு நடுவே 20 முதல் 30 நிமிடம் இருந்தபோதுதான் எச்சிலில் உள்ள கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் வேகமாகக் குறைந்தது. அதற்கு மேல் இருந்தால் குறையத்தான் செய்கிறது, ஆனால் மெதுவாக. வாரத்துக்கு மூன்று தடவை போக முடிந்தால் நல்லது.

நேரம் என்று கேட்டால் காலைக்குத்தான் என் ஓட்டு. பால்மரத்துக்கும் காலைதான் கொழுத்த நேரம். வெயில் ஏறுவதற்கு முன் பட்டைக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலை வழியே நீர் போகப் போக ஓட்டம் குறைந்துவிடும். நம் பாட்டிமார்கள் இருட்டில் எழுந்து ஓடியதன் காரணமே இதுதான். காலையில் முடியாதவர்கள் ஐந்தரை மணிக்கு மேல் போகலாம். இரண்டு வேளையுமே டிங்கிக் கொசு கடிக்கிற நேரம் என்பதால் முழுக்கைச் சட்டை போடுங்கள், கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தனியாகப் போகிறவர்களுக்கு அது பாதுகாப்பு. சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போடுங்கள், படம் எடுக்காதீர்கள். படம் எடுத்ததும் பார்த்தாகிவிட்டது என்று மனசு கணக்கை மூடிவிடுகிறது.

போய் என்ன செய்வது?

முதல் சில தடவை சலிப்பாக இருக்கும். பாதி நேரம் என்ன சமைப்பது, யார் என்ன சொன்னார்கள் என்றே ஓடும். ஓடட்டும்.

உட்காருவதற்கு முன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கோயிலில் சுற்றுகிற வேகம் போதும். பாசி எந்தப் பக்கம் அதிகம், எறும்பு எந்த வழியாக ஏறுகிறது, போன வாரத்துக்குப் பிறகு என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு பட்டையில் உள்ளங்கையை வையுங்கள். கட்டிப்பிடிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். பிடித்தால் செய்யுங்கள், வெட்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள், கை போதும். பிறகு சாய்ந்து உட்கார்ந்து மேலே பாருங்கள். நாம் கிளையைக் கீழிருந்து பார்ப்பதே அபூர்வம். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை வெளியே விடுங்கள். இப்படிப் பத்து மூச்சு.

படபடப்பு அதிகமாக இருக்கிற நாளில், பதற்றத்தைக் குறைக்க ஆலோசகர்கள் சொல்லித் தரும் ஒரு பயிற்சி இருக்கிறது, மரத்தடியில் அதைச் செய்வது இன்னும் எளிது. கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருள், கையால் தொடக்கூடிய நான்கு, காதில் விழுகிற மூன்று சத்தம், மூக்கில் படுகிற இரண்டு வாசனை, நாக்கில் ஒரு சுவை. மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். நாக்குக்கு வீட்டிலிருந்து ஒரு ஏலக்காயைப் பையில் போட்டுக்கொண்டு போனால் வேலை முடிந்தது. தெரியாத இலையை வாயில் வைக்காதீர்கள்.

இதெல்லாம் செய்தும் சும்மா உட்கார முடியவில்லை, சிந்தனை சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது என்பவர்கள் நம்மில் நிறைய. தோட்டத்து வளர்ப்பு அப்படி. கைக்கு வேலை இல்லாவிட்டால் குற்ற உணர்ச்சி வந்துவிடும். அப்படியானால் வேலை செய்யுங்கள். உதிர்ந்த இலையைக் கூட்டுங்கள், அடியில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள், இளம் மரமாக இருந்தால் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோங்கள். தியானம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால்தான் பலன் என்று யாரும் சட்டம் போடவில்லை. என்னைக் கேட்டால் நம் ஆட்களுக்குக் கூட்டுமாறுதான் சரிப்பட்டு வருகிறது.

பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து அடுக்கு மாடிக்கு மாறி, நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். "எப்படி இருக்கீங்க, மனசுக்கு என்ன?" என்று கேட்டால், "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுவார்கள். அதே ஆளை ஒரு பால்மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கதை வேறு.

நாற்பது வருஷம் மரம் சீவிய ஒரு பெரியம்மாவை இப்படிச் சிறுதோட்டம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். வரும்போதே, "இதுல என்ன இருக்குன்னு பாக்கப் போறோம்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். மரத்துக்கு முன்னால் நின்றதும் அவர் கை தானாகப் போனது. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியும் பழைய வெட்டின் தடத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். வழவழவென்று வந்த விரல் ஓரிடத்தில் முண்டில் தட்டி நின்றது.

"இது புதுசா சேந்தவ வேல. உள்ள மரத்துல பட்டிருச்சு பாரு, அதான் பட்ட இப்படிக் கட்டி கட்டியா வந்திருக்கு."

"அப்படிப் பட்டா என்ன ஆகும் பெரிம்மா?"

"என்ன ஆகும், தண்டல் வந்து கத்துவான்" என்று தங்களை மேய்த்த மேற்பார்வையாளரை நினைத்துச் சிரித்தார். அப்புறம் அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. ஒட்டுப்பால் நாற்றம், பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்த காண்டாக் கம்பு தோளில் பதித்த தழும்பு, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த காலை, எல்லாம் வந்தது. கணவர் இறந்த வருஷத்தைப் பற்றியும் பேசினார். வீட்டில் அவர் அதைப் பேசி யாரும் கேட்டதில்லை.

இப்படிக் கூட்டிப் போகும்போது இரண்டு விஷயம். எதிரே உட்காராமல் பக்கத்தில் நில்லுங்கள், இருவரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவது லேசு. மனசைப் பற்றிக் கேட்காமல் கையைப் பற்றிக் கேளுங்கள்: கத்தியை எப்படிப் பிடிப்பீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மரம், மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று. பழைய வேதனை கிளம்பி அழுதால் அழட்டும். மேலும் கிண்ட வேண்டாம். மறுபடி வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்தவும் வேண்டாம், எல்லாருக்கும் அந்த நாட்கள் திரும்பிப் பார்க்கக்கூடியவை அல்ல.

பிப்ரவரி, மார்ச் வாக்கில் பால்மரம் இலை சிவந்து உதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுத் தளிர் விடும். காய் வெடிக்கிற காலத்தில் 'பட் பட்' என்று சத்தம் கேட்கும், கொட்டை தூரமாகத் தெறித்து விழும். சிறுவர்களைக் கூட்டிப் போக அதுதான் சரியான சமயம். ரப்பர் கொட்டையை வைத்து என்ன விளையாட்டு விளையாடினோம் என்பதைத் தாத்தாவே சொல்லிக்கொள்வார்.

கவனம்

இடி மின்னலுக்கு நம் நாடு பேர்போனது. இடிச் சத்தம் கேட்ட உடனே மரத்தை விட்டு எழுந்து கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மழை தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பலத்த காற்றுக்குப் பிறகு பெரிய மரத்தின் கீழ் போகாதீர்கள், தூங்குமூஞ்சியில் கிளை முறிந்து தொங்கிக்கொண்டிருக்கும். டுரியான் பருவத்தில் டுரியான் மரத்தடி வேண்டவே வேண்டாம், முள் பழம் தலையில் விழும். காட்டோரத்தில் கறுப்பாகப் பிசின் வடிந்து காய்ந்திருக்கும் மரம் ரெங்காஸாக இருக்கலாம், அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளித்துவிடும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கவனம் இதைவிட முக்கியம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, அல்லது செத்துவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால் இது மரத்தடி விஷயம் இல்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான் கட்டணம், மனநலச் சிக்கலையும் அங்கேயே முதலில் பார்த்துப் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். போனில் பேச வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, தாலியான் காசே 15999, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. "பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்" என்று பேசுகிற சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லாமலே போய் வரலாம்.

மரத்தை வெட்டிவிட்டால்

நடக்கும். சாலையை அகலப்படுத்துவார்கள், மறுநடவு வரும், பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடை அடைக்கிறது என்று புகார் கொடுப்பார். ஒரு மரத்துக்காக இவ்வளவு வருத்தமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு வாரம் விட்டுவிட்டு வேறு மரம் பாருங்கள்.

பழகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை

சில மாதம் உங்கள் மரத்தோடு பழகிவிட்டீர்கள் என்றால், பெரியவரையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு பேராக்கிலுள்ள கோலகங்சார் பட்டணத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுபோனார். முளைத்த நாற்றுகள் சிலோனுக்குப் போயின, 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலிக்குள் நிற்கிறது. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது இந்த மரத்தின் வாரிசுகள்தான். பெரியவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். கும்பிட்டவர்களும் உண்டு, "இதுக்குத்தானா இவ்வளவும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு.

அங்கிருந்து தைப்பிங் ஏரிப் பூங்கா தூரமில்லை. ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகளை வைத்து 1880இல் அமைத்த பூங்கா அது. 1884இல் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி ஏரித் தண்ணீர் வரைக்கும் கிளையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் கடை தேட வேண்டாம். தைப்பிங்கில் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும், அதனால் கோலகங்சாரில் அதிக நேரம் நிற்காமல் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள், குடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.